செத்த காலேஜில் எங்க ஊரைத் தேடினோம்

கடலூர், பாண்டிப் பக்கத்திலிருந்து யாராவது பிள்ளைகளை எழும்பூர் மியூசியத்துக்கு அழைத்துப் போகப் போவதாகச் சொன்னால் நான் முதலில் கேட்பது என்ன கிழமை என்றுதான். வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை. தேசிய விடுமுறை நாட்களிலும் திறக்க மாட்டார்கள். இது தெரியாமல் போன வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை, பள்ளிக்கூடத்துக்கு உள்ளூர் விடுமுறை விட்டிருக்கிறார்களே என்று, மூன்று மணிக்கு எழுந்து புளிச்சாதம் கிளறிக் கட்டிக்கொண்டு, ஆறாவது படிக்கும் மகளையும் எழுபத்தொரு வயது அப்பாவையும் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். கிளாம்பாக்கத்தில் இறங்கி, மாநகரப் பேருந்து பிடித்து தாம்பரம், அங்கிருந்து மின்சார ரயிலில் எழும்பூர், அப்புறம் நடை. பாந்தியன் சாலையில் கேட் மூடியிருந்தது. "வெள்ளிக்கிழமை லீவும்மா" என்றார் காவலாளி. மகள் அழவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே தெரிந்த சிவப்புக் கட்டடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள், அது அழுததைவிட எனக்குக் கஷ்டமாக இருந்தது.

ஆனால் அன்றைக்குத் திரும்பி வரும்போதுதான் ஒன்று புரிந்தது. கேட் திறந்திருந்தாலும் அந்த நாள் வீணாகத்தான் போயிருக்கும். எட்டு மணி நேரப் பயணத்துக்கு நடுவே இரண்டு மணி நேரம் மியூசியம், அதற்குள் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று ஓட்டமாக ஓடியிருப்போம்.

இரண்டாவது முறை அப்படிச் செய்யவில்லை. முந்தின நாள் சாயங்காலமே போய் குரோம்பேட்டையில் தங்கை வீட்டில் தங்கிவிட்டு, சனிக்கிழமை காலை ஒன்பதரைக்குக் கவுன்ட்டர் திறக்கும்போது வரிசையில் நின்றோம். சென்னையில் சொந்தக்காரர்கள் வீடு இருந்தால் இப்படிச் செய்யுங்கள், இல்லையென்றால் நேரே எழும்பூரிலேயே இறக்கிவிடும் ரயில் ஏதாவது உங்கள் நேரத்துக்கு ஒத்துவருகிறதா என்று பாருங்கள். ஸ்டேஷனிலிருந்து மியூசியம் நடக்கிற தூரம்தான். வயசானவர்கள் கூட வந்தால் மட்டும் ஆட்டோ வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் உள்ளே நடக்க வேண்டியது நிறைய இருக்கிறது. ஒரே கட்டடம் இல்லை. பெரிய வளாகம், ஒவ்வொரு பிரிவும் ஒவ்வொரு கட்டடத்தில், நடுவே வெயில், படிக்கட்டு.

அப்பா ரயிலில் வரும்போதே "செத்த காலேஜுக்குத்தானே போறோம்?" என்று கேட்டார். மகளுக்குப் புரியவில்லை. பழைய மெட்ராஸ்காரர்கள் மியூசியத்தைச் செத்த காலேஜ் என்றும், மிருகக்காட்சி சாலையை உயிர் காலேஜ் என்றும்தான் சொல்வார்கள். காலேஜ் என்ற பேர் சும்மா வரவில்லை. 1851இல் இந்த மியூசியத்தைத் தொடங்கியபோது அது இருந்தது நுங்கம்பாக்கம் கல்லூரி சாலையில், புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரிக் கட்டடத்தில். பிறகு 1854இல்தான் எழும்பூருக்கு வந்தது. முதலில் பொறுப்பில் இருந்தவர் எட்வர்ட் பால்ஃபர் என்ற மருத்துவர். ஆரம்பத்தில் கையில் இருந்ததே சென்னை இலக்கியச் சங்கம் கொடுத்த சுமார் 1,100 பாறை மாதிரிகள்தான். 1855இல் அதே வளாகத்தில் உயிருள்ள மிருகங்களையும் வைத்தார்கள், அதுதான் பின்னால் இடம் மாறி மாறி 1985இல் வண்டலூருக்குப் போய்ச் சேர்ந்தது. கடலூரிலிருந்து கிளாம்பாக்கம் வழியாகச் சென்னைக்குள் போகிற எல்லாரும் அந்த வண்டலூரைத் தாண்டித்தான் போகிறோம், இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று தெரியாமலே.

சரி, உள்ளே போன கதைக்கு வருகிறேன்.

மூன்று இடம் மட்டும்தான் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்: விலங்குகள், பறவைகள், கற்கள். சோழர் காலச் செப்புத் திருமேனிகள் இருக்கும் கட்டடத்தையும் அமராவதிச் சிற்பங்களையும் பார்க்காமல் வருவது மனசுக்குக் கஷ்டம்தான். ஆனால் அவை தனியாக ஒரு நாள் கேட்கிறவை, பிற்பகல் களைப்பில் எட்டிப் பார்த்துவிட்டு வரக்கூடிய விஷயம் இல்லை. அதற்காக மறுபடியும் போவோம் என்று முடிவு செய்துவிட்டால் மனசு அடங்கிவிடும். வாசலில் டைனோசர் பொம்மைகளைப் பார்த்ததும் பிள்ளைகள் அங்கேயே நின்றுவிடுவார்கள், அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம் என்று பேசி வைத்துக்கொள்வது நல்லது.

திமிங்கல எலும்புக்கூட்டின் கீழே நாங்கள் இருபது நிமிஷம் நின்றோம். கூட வந்த குடும்பங்கள் மேலே ஒரு பார்வை, போனில் ஒரு படம், "எவ்ளோ பெருசு பாரு" என்று ஒரு வார்த்தை, அடுத்த நிமிஷம் அடுத்த கூடத்தில் இருந்தார்கள். நாங்கள் நின்றதற்குக் காரணம் துடுப்பு. வெளியே பார்த்தால் படகுத் துடுப்பு மாதிரி இருக்கும் அந்த உறுப்புக்குள்ளே நம்முடைய கையில் இருக்கிற அதே எலும்புகள் இருக்கின்றன. தோளுக்குக் கீழே தடித்த ஒற்றை எலும்பு, அதற்கடுத்து இரண்டு எலும்பு, மணிக்கட்டு, அப்புறம் வரிசை வரிசையாக விரல் எலும்புகள். மகள் தன் இடது கையை நீட்டி, வலது கையால் தோளிலிருந்து ஒவ்வொன்றாக அழுத்தி அழுத்திப் பார்த்தாள், மேலே பார்த்தாள், மறுபடியும் அழுத்தினாள். "அம்மா, இதுக்கு விரல் இருக்கும்மா." தரையில் நடந்த மிருகங்களின் வம்சம்தான் கடலுக்குத் திரும்பித் திமிங்கலம் ஆனது என்று நான் பத்து தடவை சொல்லியிருந்தாலும் அப்படி ஒரு முகத்தைப் பார்த்திருக்க மாட்டேன். கடலூர் தேவனாம்பட்டினத்தில் தினமும் கடலைப் பார்க்கிற பிள்ளை அவள்.

அதனால் சொல்கிறேன், ஒரு பொருளின் முன்னால் நின்றால் அதை உங்கள் உடம்போடு சேர்த்துப் பாருங்கள். இந்தப் பல்லு நம்ம வாயில எங்கே இருக்கு, இந்த முட்டி நமக்கு எங்கே இருக்கு. அதற்குப் படிப்பு எதுவும் தேவையில்லை.

பாடம் செய்து வைத்த மிருகங்கள் பக்கம் போனபோது அவள் அமைதியாகிவிட்டாள். நாப்தலின் வாசனையும் மருந்து வாசனையும் கொஞ்சம் உண்டு, சில பிள்ளைகளுக்குக் குமட்டும், காலையில் லேசாகச் சாப்பிட வைத்துக் கூட்டிப் போங்கள். ஆனால் அவள் அமைதியானது வாசனையால் இல்லை. கண்ணாடிக் கண் வைத்த ஒரு மிருகத்தின் முன்னால் நின்று, "இதை யாரு கொன்னது?" என்று கேட்டாள். இந்தக் கேள்வி கட்டாயம் வரும், தயாராக இருங்கள். தானாகச் செத்தது என்று பூசி மெழுக எனக்கு வாய் வரவில்லை. அந்தக் காலத்தில் வேட்டையாடித்தான் பல மாதிரிகளைச் சேர்த்தார்கள், சில பூங்காக்களில் இறந்தவை, எது எப்படி என்று எனக்குத் தெரியாது, ஆனால் 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு அப்படிச் சுட்டுக் கொண்டுவர முடியாது என்று சொன்னேன். அவள் அதை நோட்டில் எழுதிக்கொண்டாள். உண்மையைச் சொன்னால் பிள்ளைகள் தாங்கிக்கொள்கிறார்கள், சட்டென்று பேச்சை மாற்றினால்தான் மனசில் ஏதோ ஒட்டிக்கொள்கிறது.

நோட்டு என்றேனே, அது ஒரு நாற்பது பக்க நோட்டும் பென்சிலும். போன் படத்தைவிட இதுதான் பயன்பட்டது. வரைய ஆரம்பித்தால் பார்த்தே ஆக வேண்டும், வேறு வழியில்லை. படம் எடுத்தாலும் ஒன்று செய்யுங்கள்: முதலில் பொருள், அடுத்த படம் அதன் பெயர்ப்பலகை. நாங்கள் முதல் அரை மணி நேரம் பெயர்ப்பலகையை எடுக்கவில்லை, வீட்டுக்கு வந்து பார்த்தால் பத்துப் பன்னிரண்டு கல் படம், எது என்ன என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஃபிளாஷ் போடாதீர்கள், கண்ணாடியில் வெளிச்சம்தான் விழும். கொஞ்சம் பக்கவாட்டில் நின்று எடுத்தால் சரியாக வரும். கேமரா கொண்டு போனால் தனிக் கட்டணம் உண்டு, கவுன்ட்டரிலேயே கேட்டுவிடுங்கள்.

பெயர்ப்பலகையின் அருமை பறவைக் கூடத்தில்தான் தெரிந்தது. கௌதாரி. எங்கள் பக்கம் முந்திரித் தோப்புகளில் விடியற்காலையில் கத்துவதைக் கேட்காதவர்கள் இருக்க மாட்டார்கள். மகள் அதன் லத்தீன் பெயரை எழுத்துக்கூட்டி நோட்டில் எழுதிக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்தி, "அம்மா, இதுல பாண்டிச்சேரி இருக்கும்மா" என்றாள். குனிந்து பார்த்தேன். பான்டிசெரியானஸ். பாண்டிச்சேரியினுடையது என்று அர்த்தம். நாம் பஸ் மாறுகிற ஊர், துணி எடுக்கப் போகிற ஊர், அதன் பெயரில் உலகம் முழுக்க ஒரு பறவை அழைக்கப்படுகிறது!

அதற்கப்புறம் நாங்கள் அந்தக் கூடத்தைப் பார்த்த விதமே மாறிவிட்டது. எங்கள் ஊரைத் தேட ஆரம்பித்தோம். காட்டுக்கீச்சான் என்று ஒரு சின்னக் குருவி, அதன் பெயரிலும் பான்டிசெரியானஸ். சாம்பல் காட்டுக்கோழியின் பெயரில் சோனராட்டி. வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். பியர் சொன்னரா என்ற பிரெஞ்சு இயற்கையியலாளர், 1770களில் நம் பக்கம் சுற்றியவர், 1782இல் தன் பயணத்தை நூலாக வெளியிட்டார். அதில் அவர் விவரித்த பறவைகளை வைத்து, இந்தியாவைப் பார்த்தே இராத ஜெர்மானியர் க்மெலின் 1789இல் அவற்றுக்கு இந்தப் பெயர்களை வைத்தார். காட்டுக்கோழிக்குச் சொன்னராவின் பெயரையே பின்னால் சூட்டினார்கள். இந்த சொன்னராவைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் மறுபடியும் வருவார்.

பதினொன்றரைக்கு அப்பாவுக்குக் கால் வலி. வெளியே மரத்தடியில் அரை மணி நேரம் உட்கார்ந்தோம், மோர் குடித்தோம். பெரியவர்களோடு போகும்போது ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை உட்காருவதைத் திட்டத்திலேயே வைத்துவிடுங்கள். வலிக்கிறது என்று அவர்கள் வாயால் சொல்லும்வரை காத்திருந்தால் அவர்கள் சொல்லவே மாட்டார்கள்.

நிலவியல் பகுதிக்குப் போனதும் அப்பா வேறு ஆளாகிவிட்டார். முப்பத்தொரு வருஷம் நெய்வேலிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். அதுவரை பேத்திக்காகக் கூட வந்த தாத்தாவாக இருந்தவர், பழுப்பு நிலக்கரியைப் பார்த்ததும் கண்ணாடிக்குக் கிட்டே முகத்தை வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தார். "இதைக் கரின்னு சொல்றாங்களே, கையில எடுத்தா மரம் மாதிரியே இருக்கும் பாப்பா. வெட்டி எடுக்கறப்ப முழு அடிமரம் படுத்திருக்கும். வெயில்ல காஞ்சா பொறுக்கு பொறுக்கா உதிரும்." அவர் சொன்னது எல்லாம் கண்ணாடிப் பெட்டிக்குள் இல்லாதவை. 1934இல் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்பாக ஏதோ வந்தது, அங்கேதான் எல்லாம் தொடங்கியது என்ற கதையையும் சொன்னார். கரிக்கு மேலே கிடக்கும் பாறை எவ்வளவு கெட்டி, வெடி வைத்து இளக்கினால்தான் வெட்டும் சக்கரம் கடிக்கும், அப்படியும் சக்கரத்தின் பல் தேய்ந்து தேய்ந்து மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும், கரிக்குக் கீழே அழுத்தத்தோடு தண்ணீர் நிற்கும், அதை இறைக்காவிட்டால் பூமியைப் பிய்த்துக்கொண்டு மேலே வரும் என்றெல்லாம். பக்கத்தில் நின்ற இரண்டு கல்லூரிப் பையன்களும் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

அந்தப் பாறைக்குப் பெயர் என்ன தெரியுமா? கடலூர் மணற்கல். 1860களிலிருந்து நிலவியல் புத்தகங்களில் அதுதான் பெயர். கேப்பர் மலையில், பண்ருட்டிப் பலாத் தோப்புகளுக்கு அடியில், காலாப்பட்டுச் செம்மண் மேடுகளில் எல்லாம் அந்தப் பாறைதான். அப்பா முப்பத்தொரு வருஷம் அதோடு மல்லுக்கட்டியிருக்கிறார், அதன் பெயரில் தன் ஊர் இருப்பது அவருக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஒன்றும் சொல்லவில்லை. மேல்துண்டால் கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு முறை பார்த்தார்.

சுருண்ட நத்தை மாதிரி இருக்கும் அம்மோனைட் கற்களையும் பார்த்தோம். டைனோசர் காலத்துக் கடல் உயிர்கள், கணவாயின் தூரத்துச் சொந்தம். அரியலூர்ப் பக்கம் நிறையக் கிடைப்பது பலருக்குத் தெரியும். ஆனால் 1840களில் கே, கன்லிஃப் என்ற இரண்டு பேர் தென்னிந்தியாவிலிருந்து இப்படிப்பட்ட புதைபடிவங்களைச் சேகரித்து லண்டனுக்கு அனுப்பினார்கள், எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்பவர் அவற்றை ஆராய்ந்து எழுதினார். அவை கிடைத்த இடங்களில் பாண்டிச்சேரியும் விருத்தாசலமும் உண்டு. நாம் கும்பிடுகிற சாளக்கிராமமும் இதே இனத்துப் படிவம்தான், அது நேபாளத்துக் கண்டகி நதியிலிருந்து வருகிறது. அம்மா பூஜையில் வைத்திருந்த சாளக்கிராமத்தின் உள்சுழி அப்பாவுக்கு உடனே ஞாபகம் வந்துவிட்டது.

இங்கே ஒரு விஷயம். கூட வருகிற ஆளுக்கு எது தெரியும் என்று முன்னாலேயே யோசித்து வையுங்கள். மீன் வலை போட்டவர் இருந்தால் மீன் கூடம், வயல் வேலை பார்த்தவர் இருந்தால் தாவரக் கூடம். பலகையில் இல்லாதது அவர்கள் வாயில் இருக்கும். அவர்களைக் காத்திருக்கும் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு நாம் மட்டும் சுற்றி வருவது பெரிய நஷ்டம்.

கல்லாய்ப் போன மரத்தையும் அங்கேதான் மகள் வரைந்தாள். வளையங்கள் கல்லிலும் அப்படியே இருப்பதை அவளால் நம்ப முடியவில்லை. "தொட்டுப் பாக்கலாமா?" தொடக் கூடாது. அப்போது அப்பா சொன்னார், "திருவக்கரையில போய்த் தொட்டுக்கலாம் விடு."

இரண்டு மணிக்கு வெளியே வந்துவிட்டோம். மூன்று கூடங்களுக்கு நாலரை மணி நேரம். திரும்பும்போது மின்சார ரயில் பல்லாவரத்தில் நின்றது. 1863 மே மாதம் இங்கேதான் ராபர்ட் புரூஸ் ஃபூட் பழைய கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்தார், அவருடைய சேகரிப்பைத்தான் 1904இல் மியூசியம் வாங்கியது என்று சொன்னேன். மகள் ஜன்னல் வழியாகத் தண்டவாளத்துச் சரளைக் கற்களையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

திருவக்கரைக்குப் பதினைந்து நாள் கழித்துப் போனோம். இது முக்கியம், ரொம்பத் தள்ளிப் போட்டால் பார்த்தது ஆறிவிடும். பாண்டியிலிருந்து முப்பது கிலோமீட்டருக்குள்தான், விழுப்புரம் மாவட்டம். வக்கிரகாளியம்மன் கோயிலுக்குப் பௌர்ணமிதோறும் கூட்டம் போகிறதே, அதே ஊர். கோயிலுக்கு நானும் ஏழெட்டு முறை போயிருக்கிறேன், கல்மரப் பூங்காவுக்குள் ஒரு முறைகூட நுழைந்ததில்லை. அந்தக் கற்கள் அசுரனின் எலும்பு என்று எங்கள் பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறேன், பார்த்தால் அப்படித் தோன்றுவதில் ஆச்சரியமே இல்லை. சுமார் இரண்டு கோடி வருஷத்துக்கு முந்தைய மரங்கள். புளியமரக் குடும்பம், ஆமணக்குக் குடும்பம் என்று பல வகை. வெள்ளத்தில் அடித்து வரப்பட்டு மணலில் புதைந்தவை என்கிறார்கள், அதனால்தான் வேரும் கிளையும் இல்லாமல் வெறும் அடிமரமாகப் படுத்திருக்கின்றன. மண்ணுக்குள் இறங்கிய தண்ணீரில் கரைந்திருந்த சிலிக்கா, மரத்தின் ஒவ்வொரு நுண்ணறையாக இடம் பிடித்து உட்கார்ந்து, வடிவத்தை விட்டுவிட்டு மரத்தை மட்டும் கல்லாக்கிவிட்டது. 1940இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறை இதைப் பூங்காவாக்கியது. இதை முதன்முதலில் ஐரோப்பியர்களுக்கு எழுதிச் சொன்னவர் யார் என்று பார்த்தால், 1781இல், நம்ம சொன்னரா! கௌதாரியைப் பார்த்த அதே மனிதர் இந்தக் கல்மரங்களையும் பார்த்திருக்கிறார்.

காலை ஒன்பது பத்து மணிக்குள் போய்விடுங்கள். நிழல் குறைவு, கற்கள் வெயிலில் சுட ஆரம்பித்துவிடும், தொப்பியும் தண்ணீரும் கட்டாயம். செருப்பைவிட ஷூ நல்லது, சரளை மண். உடைந்து கிடக்கும் ஒரு சின்னத் துண்டைக்கூட எடுத்து வரக் கூடாது, பிள்ளைகளிடம் வாசலிலேயே சொல்லிவிடுங்கள், எடுத்துவிட்ட பிறகு கையிலிருந்து பிடுங்குவது கஷ்டம்.

மகள் ஒரு அடிமரத்தின் மேல் விரல் நகத்தால் கோடு இழுத்தாள். பட்டை உரித்த மரத்தில் நகம் இறங்குமே, அந்த நினைப்பு. நகம் வழுக்கியது. ஆனால் நார் ஓடிய வாக்கு தெரிந்தது, கிளை முளைத்த இடத்தில் கணு தெரிந்தது, எறும்பு ஒன்று அந்தக் கணுவுக்குள்ளிருந்து வெளியே வந்தது. அப்பா உட்கார்ந்து உள்ளங்கையை மேலே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார்.

"இதுவும் நம்ம பாறைதாம்மா, அதே செம்மண்ணு. அங்க சேத்துல காத்துப் படாம அமுங்கிச்சு, கரியாச்சு. இங்க மணல்ல அமுங்கிச்சு, கல்லாச்சு."

மகள் அதை அவர் சொன்ன மாதிரியே நோட்டில் எழுதி, கீழே "தாத்தா" என்று போட்டாள். அடுத்த பக்கத்தில் கேள்விகள் ஏழு இருக்கின்றன. அரியலூர்ப் பக்கம் வாரணவாசியில் இருக்கும் புதைபடிவ அருங்காட்சியகத்தில் மூன்றுக்குப் பதில் கிடைக்கும் என்று நினைக்கிறேன். அதற்கு முன்னால் தை, மாசி மாதங்களில் ஒரு ராத்திரி தேவனாம்பட்டினம் கரையில் பங்குனி ஆமை முட்டையிட வருவதைப் பார்க்க வேண்டும் என்கிறாள், துடுப்புக்குள்ளே அதற்கும் விரல் இருக்கிறதா என்று.